சமூகவியல் படித்தால் என்ன வேலை?

மக்களிடம் கேட்டறிந்து ஆலோசனை சொல்லும் துறையில் நம் பட்டதாரிகளுக்கு உள்ள இடம்

திருமண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும் நேரம். பல்கலைக்கழக விடுமுறையில் வீட்டுக்கு வந்திருக்கும் பெண்ணைப் பார்த்து ஓர் அத்தை கேட்கிறார்.

"என்னாம்மா படிக்கிற?"

"யு.எஸ்.எம்.ல சமூகவியல், அத்தை."

"அத படிச்சா என்னா வேல கெடைக்கும்?"

பெண் விழிக்கிறாள். அம்மா முந்திக்கொண்டு, "டீச்சர் வேலைக்கு எழுதிப் போடுவா" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுகிறார்.

இந்த உரையாடல் நடக்காத இந்தியர் வீடு பினாங்கில் குறைவு. மருத்துவம் படித்தால் மருத்துவர், சட்டம் படித்தால் வழக்கறிஞர். படிப்பின் பெயரிலேயே வேலையின் பெயரும் இருக்கிறது. சமூகவியல், மானுடவியல், அரசியல் அறிவியல், பொருளாதாரம், புவியியல், சமூகப் பணி ஆகிய படிப்புகளுக்கு அந்த வசதி இல்லை. பி.டி.பி.டி.என். கடனைத் திருப்பிக் கட்ட வேண்டுமே என்ற பெற்றோரின் கவலையில் நியாயம் உண்டு. ஆனால் இவர்களுக்கு ஆசிரியர் வேலையும் அரசாங்க வேலையும் மட்டும்தான் வழி என்ற எண்ணம் சரியானதன்று. பலர் கண்ணில் படாத இன்னொரு வழி இருக்கிறது. அதுதான் ஆலோசனைத் துறை.

ஆலோசகர் என்பவர் யார்?

ஆலோசகர் என்றதும் டையும் கோட்டும் அணிந்து, கணினியில் வண்ண வண்ணப் படங்களைக் காட்டிப் பேசும் ஒருவர்தான் நினைவுக்கு வருவார். அவர் செய்யும் வேலையைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம். ஒருவர் ஒரு பெரிய முடிவை எடுக்க வேண்டியிருக்கிறது. அதற்கு வேண்டிய செய்தி அவரிடம் இல்லை. அந்தச் செய்தியைத் தேடிக் கண்டுபிடித்து, ஒழுங்குபடுத்தி, "இப்படிச் செய்தால் இது நடக்கும், அப்படிச் செய்தால் அது நடக்கும்" என்று எழுதிக் கொடுப்பவர் ஆலோசகர்.

முடிவெடுப்பவர் ஒரு நிறுவனமாக இருந்தால் அது வணிக ஆலோசனை. அரசாங்கம், நகராண்மைக் கழகம், அறவாரியம் போன்றவையாக இருந்தால் அது பெரும்பாலும் சமூக ஆலோசனை. தேடப்படும் செய்தி இரும்பையும் சிமெண்டையும் பற்றியதானால் பொறியியலாளரைக் கூப்பிடுவார்கள். மக்களைப் பற்றியதானால் யாரைக் கூப்பிடுவது? மக்கள் எங்கே வாழ்கிறார்கள், எப்படிச் சம்பாதிக்கிறார்கள், எதற்கு அஞ்சுகிறார்கள், எதை விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்று கண்டறியப் பயிற்சி பெற்றவர் சமூக அறிவியல் பட்டதாரிதான்.

பினாங்கை மாற்றிய ஓர் அறிக்கை

ஆலோசனை என்பது வெறும் காகித வேலை என்று நினைப்பவர்கள் பினாங்கின் சொந்த வரலாற்றைப் பார்க்கலாம். 1960களின் இறுதியில் பினாங்கு நொடிந்து போயிருந்தது. வரியில்லாத் துறைமுகம் என்ற தகுதி கைநழுவிப் போனது. வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. 1969-இல் முதலமைச்சர் பொறுப்புக்கு வந்த டாக்டர் லிம் சோங் யூ அரசாங்கத்தின் முன்னால் இருந்த கேள்வி ஒன்றே ஒன்று. இனி இந்தத் தீவு எதை நம்பிப் பிழைப்பது?

பொருளாதார அறிஞர் ராபர்ட் நேதன் பெயரில் இயங்கிய அமெரிக்க ஆலோசனை நிறுவனம் 1970-இல் பினாங்குப் பெருந்திட்ட அறிக்கையைக் கொடுத்தது. உள்ளூர்ச் சந்தையை மட்டும் நம்பாமல் ஏற்றுமதிக்கான தொழிற்சாலைகளை வரவழைக்க வேண்டும், சுற்றுலாவை வளர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். 1972-இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வாணிப வட்டாரம் பிறந்தது. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே அமைத்த முதல் தொழிற்சாலை அங்கே அதே ஆண்டில் எழுந்தது. இன்று பினாங்கில் தொழிற்சாலைச் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்த எத்தனையோ குடும்பங்களின் கதைக்குப் பின்னால், சரியான நேரத்தில் எழுதப்பட்ட ஓர் ஆலோசனை அறிக்கையும் இருக்கிறது.

அதே காலக்கட்டத்தில்தான் பினாங்கில் பல்கலைக்கழகமும் தோன்றியது. 1969-இல் தொடங்கப்பட்ட மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், அதாவது நாம் சொல்லும் யு.எஸ்.எம்., மலேசியாவிலேயே முதன்முதலாக 1975-இல் சமூகப் பணிக்கான பட்டப்படிப்பைத் தொடங்கியது. பிறகு 1997-இல் மாநிலத்திற்கென்றே 'செரி' என்ற சமூகப் பொருளாதார, சுற்றுச்சூழல் ஆய்வுக் கழகம் உருவானது. அதுவே 2011 முதல் பினாங்கு இன்ஸ்டிடியூட் என்ற பெயரில் இயங்குகிறது. சமூக அறிவியல் படித்தவர்கள் சம்பளத்திற்கு ஆய்வு செய்யும் இடம் ஒன்று பிரவுன் சாலையிலேயே இருக்கிறது என்பது நம் மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தெருத் தெருவாகத் தலை எண்ணியவர்கள்

இந்த வேலை நடைமுறையில் எப்படி இருக்கும்? ஜார்ஜ்டவுன் நகர மையமே நல்ல எடுத்துக்காட்டு.

1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால், போருக்கு முந்திய பழைய கடைவீடுகளில் குறைந்த வாடகைக்கு ஏழைக் குடும்பங்களும் சிறு வணிகர்களும் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்தார்கள். அந்தச் சட்டத்தை நீக்க 1997-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 1999 டிசம்பரோடு பாதுகாப்பு முடிந்தது. 2000 ஜனவரி முதல் வீட்டுக்காரர் விரும்பிய வாடகையைக் கேட்கலாம் என்றானது. பலர் மூட்டை கட்டினார்கள். 2008 ஜூலையில் ஜார்ஜ்டவுன் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது. சுற்றுப்பயணிகள் குவிந்தார்கள். பழைய வீடுகள் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறத் தொடங்கின.

பாரம்பரியம் என்பது கட்டடம் மட்டுமன்று. அங்கே வாழும் மனிதர்களும் அதில் அடக்கம். அப்படியானால் உள்ளே இன்னும் எத்தனை பேர் வாழ்கிறார்கள்? இந்தக் கேள்விக்கு யாரும் ஊகத்தில் பதில் சொல்ல முடியாது. 2009-இல் தொடங்கப்பட்ட 'திங்க் சிட்டி' அமைப்புக்காக 'ஜியோகிராஃபியா' என்ற ஆலோசனை நிறுவனம் அந்த வட்டாரத்தின் குடியிருப்பாளர்களையும் கட்டடப் பயன்பாட்டையும் கணக்கெடுத்தது. 2009-இல் ஏறக்குறைய 10,200 பேர் இருந்தார்கள். 2013-இல் அது ஏறக்குறைய 9,400 ஆகக் குறைந்திருந்தது. நான்கே ஆண்டுகளில் 700-க்கும் மேற்பட்டோர்!

இந்த எண்ணிக்கை கைக்கு வரும்வரை, "ஊரில் பழைய ஆட்களைக் காணோமே" என்பது காப்பிக் கடைப் பேச்சு. எண்ணிக்கை வந்த பிறகு அது திட்டம் தீட்டுவோர் பதில் சொல்ல வேண்டிய பிரச்சினை. ஆலோசகரின் வேலை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. கதவைத் தட்டி, கேள்வி கேட்டு, குறித்துக்கொண்டு, கூட்டிக் கழித்து, வரைபடத்தில் போட்டு, மேசைமேல் வைப்பது.

சட்டம் திறந்துவிட்ட கதவு

இத்துறைக்கு உலக அளவில் தேவை உண்டானதற்குக் காரணம் சட்டங்கள். அமெரிக்காவில் நாடாளுமன்றம் 1969-இல் நிறைவேற்றிய தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம், பெரிய திட்டங்களின் பாதிப்பை முன்கூட்டியே ஆராய்ந்து எழுத வேண்டும் என்றது. மரமும் ஆறும் மட்டுமல்லாமல் மனிதர்களும் பாதிக்கப்படுகிறார்களே என்ற எண்ணம் அதையொட்டி வளர்ந்தது. சமூகத் தாக்க மதிப்பீடு என்ற துறை உருவானது.

உலக வங்கி 1974-இல்தான் முதன்முதலாக ஒரு சமூகவியலாளரை வேலைக்கு அமர்த்தியது. ருமேனியாவைச் சேர்ந்த மைக்கேல் செர்னியா என்பவர் அவர். பொருளாதார அறிஞர்களும் பொறியியலாளர்களும் நிறைந்த கட்டடத்தில் ஒரே ஒரு சமூகவியலாளர்! அணைகளுக்கும் சாலைகளுக்கும் இடம் கொடுத்து வெளியேறிய மக்கள் என்ன ஆனார்கள் என்ற கேள்வியை அவர் விடாமல் எழுப்பினார். 1980-இல் கட்டாய இடமாற்றத்திற்கான கொள்கையை உலக வங்கி ஏற்றுக்கொண்டது.

இடம் பெயர்க்கப்படும் மக்களுக்கு நேரும் எட்டு வகை இழப்புகளைச் செர்னியா பின்னாளில் வரிசைப்படுத்தினார். நிலம் போகும். வேலை போகும். வீடு போகும். சமூகத்தில் ஓரங்கட்டப்படுவார்கள். உணவுக்குத் தட்டுப்பாடு வரும். நோய் பெருகும். மேய்ச்சல் நிலம், குளம், சுடுகாடு போன்ற பொது இடங்கள் இல்லாமல் போகும். கடைசியாக, ஒருவருக்கொருவர் துணையாக இருந்த அக்கம்பக்க உறவு அறுந்து போகும். இழப்பீட்டுத் தொகை என்று பணமாகக் கொடுப்பது பெரும்பாலும் முதல் மூன்றுக்குத்தான். மற்ற ஐந்தையும் யாராவது எடுத்துச் சொன்னால்தான் தெரியும்.

இதைப் படிக்கும்போது பினாங்கு வாசகர்களுக்குக் கம்போங் புவா பாலா நினைவுக்கு வராமல் இருக்காது. குளுகோரில் மாடு வளர்த்துப் பால் கறந்து தலைமுறைகளாக வாழ்ந்த தமிழர் கிராமம் அது. தொலைக்காட்சியில் வந்த ஆங்கிலத் தொடர் ஒன்றின் பெயரால் 'ஹை சப்பாரல்' என்றே பலரும் அழைத்தார்கள். நிலம் வீடமைப்புத் திட்டத்திற்குக் கைமாறியது. வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை சென்றது. 2009 செப்டம்பரில் கிராமம் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. யார் சரி, யார் தவறு என்ற அரசியல் விவாதம் அப்போது ஆண்டுக்கணக்கில் நடந்தது. அதை ஒருபுறம் வைத்துவிட்டு, செர்னியாவின் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு பார்த்தால் வேறு கேள்விகள் எழும்.

ஒரு குடும்பத்தின் வருமானத்தில் பால் எத்தனை பங்கு? மாற்று வீடு கிடைத்தாலும் மாட்டை எங்கே கட்டுவது? புல் எங்கே கிடைக்கும்? பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போன தாய், இனிப் பிள்ளை காப்பகத்திற்கு எவ்வளவு கொடுப்பாள்? பொங்கலுக்கு மாட்டை அலங்கரித்து ஊர்கூடி நின்ற வழக்கத்திற்கு என்ன விலை? நீதிமன்றத்தில் இவை வழக்காகா. அங்கே பேசப்படுவது நிலத்தின் உரிமை. புல்டோசர் வந்து நின்ற பிறகு கேட்டும் பயனில்லை. திட்டம் காகிதத்தில் இருக்கும்போதே கேட்கப்பட வேண்டியவை இவை.

மலேசியாவில் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் 1976-இல் வந்தது. அதில் 2017-இல் செய்யப்பட்ட திருத்தம், குறிப்பிட்ட வகைப் பெரிய மேம்பாட்டுத் திட்டங்களுக்குச் சமூகத் தாக்க மதிப்பீட்டைச் சட்டப்படி கட்டாயமாக்கியது. இதைக் கவனிப்பது பிளான்மலேசியா எனப்படும் திட்டமிடல் துறை. ஆக, கடலைத் தூர்த்து நிலம் உண்டாக்குவதானாலும் பெரிய உள்கட்டமைப்புத் திட்டமானாலும், மக்களுக்கு என்ன ஆகும் என்று எழுதிக் கொடுக்க ஆள் தேவைப்படுகிறது. சமூக அறிவியல் பட்டதாரிக்குச் சட்டமே கதவைத் திறந்துவிட்டிருக்கிறது எனலாம்.

மதிப்பீடு எப்படி நடக்கிறது?

முதல் கட்டத்தில், யார் யார் பாதிக்கப்படுவார்கள் என்று எல்லை வகுக்கிறார்கள். திட்டப் பகுதியில் குடியிருப்பவர்கள் மட்டுமல்ல. அங்கே வந்து நாசி லெமாக் விற்பவரும் கணக்கில் வர வேண்டும்.

இரண்டாம் கட்டத்தில், இன்றைய நிலையைப் பதிவு செய்கிறார்கள். புள்ளிவிவரத் துறையின் தகவலோடு வீடு வீடாக எடுத்த விவரமும் சேர்கிறது. மூன்றாவது, நேர்காணலும் குழுக் கலந்துரையாடலும். நான்காவது, திட்டம் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்று இரண்டு எதிர்காலங்களையும் ஒப்பிடுகிறார்கள். ஐந்தாவதாக, பாதிப்பைக் குறைக்க யார் என்ன செய்ய வேண்டும், அதை எப்படிக் கண்காணிப்பது என்று திட்டம் எழுதுகிறார்கள்.

எழுதிவிட்டதாலேயே எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வதற்கில்லை. பினாங்குத் தீவின் தென்கரையில் செயற்கைத் தீவுகளை உருவாக்கும் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். கரையோர மீனவர்கள் எதிர்த்து மேல்முறையீடு செய்தார்கள். சுற்றுச்சூழல் அறிக்கைக்குக் கொடுக்கப்பட்ட ஒப்புதலை மேல்முறையீட்டு வாரியம் 2021 செப்டம்பரில் ரத்து செய்தது. 2023-இல் புதிய அறிக்கைக்கு ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டில் மூன்று தீவுகள் ஒரு தீவாகக் குறைக்கப்பட்டன. அறிக்கையில் எழுதும் ஒவ்வொரு வரியும் கேள்விக்கு உட்படும் என்பதை இது காட்டுகிறது. மீனவர் எந்த மாதத்தில் எங்கே வலை வீசுகிறார் என்று தெரியாமல் எழுதியவர் அங்கே மாட்டிக்கொள்வார்.

ஒரே வீட்டில் வேறு வேறு பதில்கள்

2011-இல் மாநில அரசு அமைத்த பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகம், மறு ஆண்டு முதல் இரு நகராண்மைக் கழகங்களோடும் சேர்ந்து ஒரு புதிய முயற்சியைச் செய்தது. நகராண்மைக் கழகத்தின் பணத்தை எதற்குச் செலவிடலாம் என்று குடியிருப்பாளர்களிடமே கேட்பது. தீவில் ஜாலான் சுங்கை மக்கள் வீடமைப்பும் செபராங் பிறையில் அம்பாங்கான் மக்கள் வீடமைப்பும் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டன.

வழக்கமாக அடுக்குமாடியில் கூட்டம் போட்டால் யார் பேசுவார்கள்? நான்கைந்து ஆண்கள் பேசுவார்கள். மற்றவர்கள் கேட்டுவிட்டுக் கலைவார்கள். இங்கே பெண்கள், ஆண்கள், இளையோர், முதியோர், உடற்குறையுடையோர் எனத் தனித்தனிக் குழுக்களாக உட்கார வைத்துக் கேட்டார்கள். பிறகு எல்லாரும் வாக்களித்து எது முதலில், எது பிறகு என்று முடிவு செய்தார்கள்.

தனித்தனியாகக் கேட்பதால் என்ன வேறுபாடு? மின்தூக்கி பழுதானால் வேலைக்குப் போகும் இளைஞனுக்கு அது எரிச்சல். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அது வீட்டுச் சிறை. கீழ்த்தளத்தில் விளக்கு எரியவில்லை என்றால் அப்பாவுக்குத் தெரியாமலே போகலாம். இரவு வேலை முடிந்து தொழிற்சாலைப் பேருந்திலிருந்து இறங்கும் மகளுக்கு அது தினமும் அச்சம். ஒரே வீட்டு எண், வேறு வேறு பதில்கள். இதைத் தெரிந்து கேட்பதற்கும் பயிற்சி வேண்டும்.

தொழில் நிறுவனங்களுக்கு மானுடவியலாளர் எதற்கு?

வணிக உலகமும் இதைப் புரிந்துகொண்டுள்ளது. பினாங்கு மக்களுக்கு நன்கு தெரிந்த இன்டெல் நிறுவனம் 1998-இல் ஜெனிவீவ் பெல் என்ற ஆஸ்திரேலிய மானுடவியலாளரை வேலைக்குச் சேர்த்தது. அவர் இந்தியா, சீனா, மலேசியா உள்ளிட்ட 7 நாடுகளில், 19 நகரங்களில், 100 வீடுகளுக்குச் சென்று மக்கள் கணினியையும் கைப்பேசியையும் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்தார். கணினி வாங்கினால் பிள்ளை படிப்பை விட்டு விளையாட ஆரம்பித்துவிடும் என்ற சீனப் பெற்றோரின் பயம் இந்த ஆய்வுகளில் தெரிய வந்தது. பெற்றோர் சாவி போட்டுப் பூட்டக்கூடிய கல்விக் கணினி ஒன்றைச் சீனச் சந்தைக்காக இன்டெல் வடிவமைத்தது. பொறியியலாளருக்குத் தோன்றாத பூட்டு, வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து பேசியவருக்குத் தோன்றியது.

அண்மைக்கால எடுத்துக்காட்டு இன்னும் கூர்மையானது. 2020 ஜூலையில், கட்டாய உழைப்பு பற்றிய குற்றச்சாட்டின் பேரில், மலேசியாவின் டாப் குளோவ் கையுறைகளை அமெரிக்கச் சுங்கத் துறை தடுத்து நிறுத்தியது. நிறுவனம் லண்டனைச் சேர்ந்த 'இம்பாக்ட்' என்ற ஆலோசனை நிறுவனத்தை அழைத்தது. அந்நியத் தொழிலாளர்கள் இந்த வேலைக்கு வர ஊரில் முகவர்களுக்குக் கட்டிய பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. தங்கும் விடுதிகளில் மாற்றங்கள் செய்யப்பட்டன. 2021 செப்டம்பரில் தடை நீங்கியது. நேப்பாளத்துக் கிராமத்தில் முகவருக்குக் கொடுத்த பணத்துக்கு ரசீது இருக்காது. தொழிலாளியை உட்கார வைத்து, அச்சம் தெளிய வைத்து, கேட்டுத்தான் அறிய வேண்டும். இது கணக்காய்வாளரால் மட்டும் முடியக்கூடிய வேலையன்று.

பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்கள் சுற்றுச்சூழல், சமூக விவகாரங்கள் பற்றியும் அறிக்கை தர வேண்டும் என்ற விதியை புர்சா மலேசியா 2015-இல் கொண்டு வந்து, 2022-இல் மேலும் இறுக்கியது. மின்னணுத் தொழிற்சாலைகளின் வாடிக்கையாளர்களும் தொழிலாளர் நிலை பற்றிய தணிக்கை கேட்கிறார்கள். பாயான் லெப்பாஸ் போன்ற வட்டாரத்தில் இத்தகைய வேலைக்கு இடம் இருக்கிறது. சந்தை ஆய்வு, மனிதவளம், நிறுவனங்களின் சமூகநலத் திட்டங்கள் ஆகியவையும் இந்த வட்டத்துக்குள் வருபவையே.

கேள்வி கேட்பது ஒரு கைத்தொழில்

"இதென்ன பெரிய வித்தை? நாலு பேரைப் பார்த்துக் கேட்டால் தீர்ந்தது" என்று சிலர் நினைக்கலாம். ஓர் எளிய சோதனை செய்து பார்க்கலாம். "உங்கள் வட்டாரப் பேருந்துச் சேவை திருப்தியாக இருக்கிறதா?" என்று ஓர் அம்மாவிடம் கேட்டால், வந்தவரை ஏன் வருத்த வேண்டும் என்று, "பரவாயில்லைங்க" என்பார். படிவத்தில் 'திருப்தி' என்று குறித்துவிடலாம்.

அதே அம்மாவிடம், "கடைசியாக எப்போது மருத்துவமனைக்குப் போனீர்கள், எப்படிப் போனீர்கள், எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்?" என்று கேட்டுப் பார்க்க வேண்டும். "பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் நின்னேன். அப்புறம் பெரியவன் வேலைக்கு லீவு போட்டுட்டு வந்து ஏத்திக்கிட்டுப் போனான்" என்பார். முதல் கேள்வி மரியாதையை வாங்கி வந்தது. இரண்டாவது கேள்வி உண்மையை வாங்கி வந்தது. பேருந்து வராததால் ஒரு மகனின் ஒருநாள் சம்பளம் போன கணக்கும் கூடவே வந்துவிட்டது.

கேள்வித்தாள் தயாரிப்பது, யாரைக் கேட்பது என்று மாதிரி எடுப்பது, நேர்காணல் நடத்துவது, வந்த பதில்களை வகைப்படுத்துவது எல்லாம் மாணவர்கள் ஆய்வு முறையியல் பாடத்தில் படிப்பவைதாம். தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுவதுதான் கோளாறு. இத்துறையில் சோறு போடும் பாடம் அதுவே.

தமிழ் தெரிந்த பட்டதாரியின் பலம்

பினாங்கில் ஒரு நல்ல ஆய்வு செய்ய மலாய், ஆங்கிலம், ஹொக்கியன், தமிழ் என்று பல மொழிகள் வேண்டும். செபராங் பிறையின் பழைய தோட்டப்புறக் குடும்பங்களிடமோ, ஜார்ஜ்டவுன் குயின் ஸ்திரீட் வணிகர்களிடமோ பேச வேண்டுமானால் தமிழ் தெரிந்தவர் தேவை. மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு கேட்டால் பாதி செய்தி வழியிலேயே சிந்திவிடும்.

மொழியோடு பண்பாட்டு அறிவும் சேர வேண்டும். வீட்டுப் பெரியவர் இருக்கும்போது மருமகள் வருமானத்தைப் பற்றி வாய் திறக்க மாட்டார். தாத்தாவிடம் கடனைப் பற்றி நேராகக் கேட்டால் கோபம் வரும். தேநீர் கொடுத்தால் குடித்துவிட்டுத்தான் படிவத்தை எடுக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இது பிறப்போடு வந்த அறிவு.

நம்மவர் இத்துறையில் இல்லை என்றால் இழப்பு வேலைவாய்ப்போடு நிற்காது. கணக்கெடுக்க வருபவருக்கு மொழி தெரியாவிட்டால், நம் குடும்பங்களின் பதில் அரைகுறையாகவே அறிக்கைக்குப் போகும். அறிக்கையில் இல்லாதவர்களுக்குத் திட்டத்திலும் இடம் இருக்காது.

சிரமங்களையும் தெரிந்துகொள்ள வேண்டும்

எல்லாம் இனிப்பு என்று சொன்னால் அது ஏமாற்று. தொடக்க காலத்தில் கிடைப்பது பெரும்பாலும் ஒப்பந்த வேலை. ஒரு திட்டம் முடிந்தால் அடுத்த திட்டம் வரும்வரை காத்திருக்க நேரிடலாம். வேலைக்குப் போயிருப்பவர்களைச் சந்திக்க வேண்டும் என்பதால் மாலையிலும் வார இறுதியிலும் அலைய வேண்டியிருக்கும். சில வீடுகளில் கதவைத் திறக்க மாட்டார்கள்.

அறிக்கையைத் தேசிய மொழியிலோ ஆங்கிலத்திலோ பிழையில்லாமல் எழுதத் தெரிய வேண்டும். நல்ல மதிப்பெண் வாங்கிய பலரும் தடுக்கி விழும் இடம் இது. கணக்கைக் கண்டு பயப்படக் கூடாது. எக்செல் தெரிந்திருப்பது குறைந்தபட்சத் தேவை. புள்ளிவிவர மென்பொருளும், வரைபடத்தில் தகவலைப் பதிக்கும் ஜி.ஐ.எஸ். முறையும் தெரிந்தால் வேலை தேடுவோர் வரிசையில் முன்னால் நிற்கலாம்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது மனசாட்சிச் சிக்கல். ஆய்வுக்குப் பணம் கொடுப்பவர் பெரும்பாலும் திட்டத்தைச் செய்ய விரும்புகிறவரே. "பாதிப்பு கடுமையானது" என்று எழுதினால் அவருக்குப் பிடிக்காது. இந்த வரியைக் கொஞ்சம் மென்மையாக்க முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. மக்கள் தங்கள் வீட்டுக் கதையை நம்பிச் சொன்னது ஆலோசகரிடம்தான். அதை மாற்றி எழுதினால் அந்த நம்பிக்கைக்குத் துரோகம். வாடிக்கையாளருக்கும் அது நன்மையன்று. மறைத்த பாதிப்பு பின்னர் வழக்காகவும் மறியலாகவும் திரும்பி வரும். உண்மையைத் தெளிவாகவும் ஆதாரத்தோடும் எழுதுபவருக்குக் காலப்போக்கில் கிடைக்கும் பெயர்தான் இத்துறையில் முதலீடு.

எங்கிருந்து தொடங்குவது?

பல்கலைக்கழகத்தில் இருக்கும்போதே தொடங்கலாம். விரிவுரையாளர்கள் நடத்தும் ஆய்வுகளுக்கு விவரம் சேகரிக்க மாணவர்கள் தேவைப்படுவார்கள். ஊதியம் குறைவாக இருந்தாலும் அது கைப்பழக்கம். தொழிற்பயிற்சிக்கு இடம் தேடும்போது வங்கிக்கும் அரசாங்க அலுவலகத்துக்கும் மட்டும் எழுதிப் போடாமல் ஆய்வுக் கழகங்கள், திட்டமிடல் ஆலோசனை நிறுவனங்கள், சந்தை ஆய்வு நிறுவனங்கள், அரசு சாரா இயக்கங்கள் ஆகியவற்றுக்கும் எழுதலாம்.

படித்து முடித்தவர்கள் களப்பணியாளராகவோ ஆய்வு உதவியாளராகவோ சேர்வது வழக்கம். சில ஆண்டுகளில் ஆய்வாளர், அதன் பிறகு திட்டத்தை வழிநடத்துபவர் என்று உயரலாம். சமூகத் தாக்க மதிப்பீட்டில் ஆர்வம் உள்ளவர்கள் மலேசிய சமூகத் தாக்க மதிப்பீட்டுச் சங்கத்தின் பயிற்சிகளைப் பற்றி விசாரிக்கலாம்.

வேலை கேட்டுப் போகும்போது சான்றிதழோடு கைவேலையும் இருக்க வேண்டும். ஒரு யோசனை: அடுத்த விடுமுறையில் தங்கள் அடுக்குமாடியிலோ தாமானிலோ இருபது வீடுகளை எடுத்துக்கொள்ளட்டும். தனியாக வாழும் முதியோர் யார், அவர்களுக்கு மருந்து வாங்கித் தருவது யார், வாரத்தில் எத்தனை நாள் யாரோடும் பேசாமல் இருக்கிறார்கள் என்று அனுமதி பெற்றுக் கேட்டு, பெயர்களை வெளியிடாமல் நான்கு பக்கங்களில் எழுதிக் குடியிருப்பாளர் சங்கத்திடம் கொடுக்கட்டும். அந்த நான்கு பக்கங்கள் நேர்முகத் தேர்வில் நிறையப் பேசும். யாராவது ஒரு பாட்டிக்கு மருந்து நேரத்தோடு போய்ச் சேர்ந்தால் அதுவும் லாபம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. சமூகவியல் படிக்கும் பிள்ளையை, "எதற்கும் உதவாத படிப்பு" என்று நாலு பேர் முன்னால் சொல்லிக் கூனிக்குறுக வைக்க வேண்டாம். அடுத்த திருமணப் பந்தியில் அத்தை அதே கேள்வியைக் கேட்பார். "ஒரு ஊரில் ரோடு போடுறதுக்கு முன்னால அங்க உள்ள ஜனங்களுக்கு என்ன ஆகும்னு கேட்டு எழுதுற வேலைக்குப் போகலாம், அத்தை" என்று பெண்ணே பதில் சொல்லட்டும்.

"அப்படியா? எங்க தாமானுக்குப் பின்னாலகூட என்னமோ கட்டப் போறாங்களாம். எங்கள யாரும் வந்து கேக்கவே இல்லயே" என்று அத்தை சொன்னால், வேலை அங்கேயே தொடங்கிவிட்டது.